தோண்டாத கிணறும் தொழிலாளியின் சேமநிதியும்

மேற்குக் கனடாவின் மோண்ட்னி களிப்பாறைப் படுகையில் கிணறு தோண்டும் ரிக்குகளின் எண்ணிக்கை சரிந்துவிட்டது, ஆகவே வாயுவுக்குத் தட்டுப்பாடு வரும், விலை ஏறும் என்று எழுதுகிறார் ஒரு கட்டுரையாளர். நான்கு பத்தி தள்ளி, அதே படுகையில் இன்னும் தோண்டப்படாத கிணறுகளுக்கான பெர்மிட்டுகள் கட்டுக்கட்டாகக் குவிந்து கிடக்கின்றன, ஆகவே மலேசியாவின் தேசிய எண்ணெய் நிறுவனமான நம் பெட்ரோனாஸின் வாயு மூன்று தலைமுறைக்கு வற்றாது என்றும் அவரே எழுதுகிறார். எழுதியவர் ஒருவர், பாறை ஒன்று, காலமும் ஒன்று. தட்டுப்பாடு வரும் என்பதற்கும் வற்றாது என்பதற்கும் நடுவில் கிடக்கும் பிளவை மூட ஒரு வாக்கியம்கூட அவரிடம் இல்லை. மற்றவர்களுக்குத்தான் தட்டுப்பாடு, நமக்கு வளம் என்று அவர் சமாதானம் சொல்லக்கூடும். ஆனால் அவர் எண்ணிக் காட்டும் ரிக்குகளில் பெட்ரோனாஸுக்காக ஓடுபவையும் அடக்கம், அவர் அடுக்கிக் காட்டும் பெர்மிட்டுகளில் பிற நிறுவனங்களுடையவையும் அடக்கம் என்று அவருடைய அட்டவணையே சொல்கிறது. தன் அட்டவணையைத் தானே வாசிக்காத ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் மேடையேறி, கேட்க வந்த ஓய்வூதியர்களுக்கு எரிசக்திப் பொருளாதாரம் கற்பிக்கிறாரே, அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

செலாயாங்கில் என் தெருவிலேயே, லாரி ஓட்டியும் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தும் 55 வயதைத் தொட்டவர்கள் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, ஊழியர் சேமநிதியிலிருந்து எவ்வளவு எடுத்துப் பங்கில் போடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இரண்டு படித்தவர்கள் தங்கள் படிப்பை உரசிப் பார்த்துக்கொள்ளும் சண்டையாக இருந்தால் நான் ஒதுங்கிப் போயிருப்பேன். முப்பது ஆண்டுக் கூலியில் சேர்த்த பணம் ஒரு தவறான அட்டவணையை நம்பி இடம்மாறப் பார்க்கிறது என்பதால், அட்டவணையின் ஒவ்வொரு காலையும் உருவிப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் ரிக். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓடும் துரப்பணப் பொறிகளை எண்ணி வாரந்தோறும் வெளியிடும் வழக்கத்தை 1944இல் ஹியூஸ் டூல் நிறுவனம் தொடங்கியது. இன்று பேக்கர் ஹியூஸ் பெயரில் தொடர்கிறது. துரப்பணத் தலை விற்கும் நிறுவனம் தன் சரக்கு எங்கே தேவைப்படும் என்று அறிய வைத்த கணக்கு அது. செங்குத்தாக ஒரு துளை, துளைக்கு ஒரு கிணறு, முடிந்ததும் பொறியைப் பிரித்து அடுத்த இடத்துக்கு லாரியில் ஏற்றுவது என்றிருந்த காலத்தில், ரிக் எண்ணிக்கை கூடினால் சில மாதங்களில் உற்பத்தி கூடும் என்று சொல்ல முடிந்தது. இப்போதைய ரிக் ஒரே தளத்தில் தன் கால்களால் சில மீட்டர் நகர்ந்து அடுத்த கிணற்றைத் தோண்டுகிறது. கீழே பாறைக்குள் பக்கவாட்டில் மூன்று, நான்கு கிலோமீட்டர் வரை போகிறது. பத்தாண்டுக்கு முந்தைய ஒரு ரிக்கையும் இன்றைய ஒரு ரிக்கையும் ஒரே அலகாகக் கூட்டிக் கழித்து வரைபடம் போடும் ஒருவர், எதை அளக்கிறோம் என்று எப்போதாவது தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டா?

கேட்டிருந்தால் வரலாறு அவருக்குப் பதில் சொல்லியிருக்கும். அமெரிக்காவில் வாயுவுக்காக ஓடிய ரிக்குகள் 2008இல் 1,600ஐத் தாண்டின. 2016 ஆகஸ்டில் 81ஆக வீழ்ந்தன. இருபதில் ஒரு பங்கு மட்டுமே மிஞ்சிய அந்த எட்டு ஆண்டில் அமெரிக்காவின் வாயு உற்பத்தி ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. எண்ணெய்க்கு வாருங்கள்: 2014 அக்டோபரில் 1,609 ரிக்குகள், 2016 மே மாதத்தில் 316. ஐந்தில் நான்கு பங்கு ரிக்குகள் போயின. உற்பத்தி விழுந்தது எட்டில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. 2023இல் எண்ணெய் ரிக்குகள் ஆண்டின் பெரும்பகுதி குறைந்துகொண்டே வந்தன. அந்த ஆண்டுதான் அமெரிக்கா நாளொன்றுக்குச் சராசரி 1 கோடியே 29 லட்சம் பீப்பாய் எடுத்து அதுவரையிலான எல்லாச் சாதனையையும் முறியடித்தது. ரிக் குறைந்தால் தட்டுப்பாடு என்ற சூத்திரத்தை வைத்துக்கொண்டு 2008இல் ஒருவர் வாயுவில் பணம் போட்டிருந்தால் இன்று அவர் யாரிடம் போய் நிற்பார்? இத்தனை பெரிய முறிவுகள், பொதுவில் வெளியான புள்ளிகளாக, கண்முன்னே இருக்கும்போது அவற்றில் ஒன்றைக்கூட எடுத்து விவாதிக்காமல் விட்டதை அறியாமை என்பதா, மறைப்பு என்பதா? அறியாமை என்றால் அவர் மேடையை விட்டு இறங்க வேண்டும். மறைப்பு என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதைவிடக் கேவலமானது அவர் எடுத்துக்கொண்ட மாதங்கள். பிப்ரவரி கடைசியில் ஓடிய கனடா ரிக்குகளையும் மே தொடக்கத்தில் ஓடியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாதிக்கும் கீழே போய்விட்டது பாருங்கள் என்று சிவப்பு அம்பு போட்டிருக்கிறார். கனடாவில் பனிக்காலத்தில் உறைந்து இறுகிய தரையில்தான் கனரகப் பொறிகள் நகர முடியும். மார்ச், ஏப்ரலில் பனி உருகித் தரை சேறாகும். கிராமச் சாலைகள் பெயர்ந்துவிடாமல் இருக்க லாரிகளின் எடைக்கு அரசு தடை போடும். ரிக்குகள் நின்ற இடத்தில் நிற்கும் அல்லது முற்றத்துக்குத் திரும்பும். கோடையில் மறுபடி எண்ணிக்கை ஏறும். இது ஆண்டு தவறாமல் நடப்பது. அந்தத் தொழிலில் கூலி வேலை பார்ப்பவனுக்குக்கூட இது விடுமுறைக் காலம். பருவ மாற்றத்தைத் தொழில்வீழ்ச்சி என்று விற்பவர், ரமலான் பகலில் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் குறைந்ததைப் பார்த்து மலேசியாவில் பஞ்சம் என்று எழுதுவாரோ?

ரிக்கும் உற்பத்தியும் ஏன் இப்படிப் பிரிந்து போகின்றன என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை அவர் தொடவே இல்லை. களிப்பாறையில் துளை போட்டால் மட்டும் வாயு வராது. தண்ணீரும் மணலும் வேதிப்பொருளும் கலந்து பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசலாக்க வேண்டும். அதைச் செய்வது வேறொரு குழு, வேறொரு செலவு. தோண்டி, விரிசலாக்காமல் மூடி வைத்த கிணறுகள் அமெரிக்காவின் களிப்பாறைப் படுகைகளில் 2020 நடுவில் 8,000ஐத் தாண்டியிருந்தன. அடுத்த இரண்டரை ஆண்டில் நிறுவனங்கள் அவற்றைத் திறந்தே உற்பத்தியைத் தாங்கின. கையிருப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. அக்காலத்தில் ரிக்கை மட்டும் பார்த்தவனுக்கு வாயு எங்கிருந்து வருகிறது என்றே புரிந்திருக்காது. மறுபக்கம், களிப்பாறைக் கிணறு பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தன் பாய்ச்சலில் பெரும்பகுதியை இழந்துவிடும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் நின்ற இடத்தில் நிற்க முடியும். ஆகவே ரிக் குறைவது எப்போதும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. எத்தனை கிணறு முடிந்தது, எத்தனை மீட்டர் விரிசலாக்கப்பட்டது, பழைய கிணறுகள் எவ்வளவு வேகமாகத் தளர்கின்றன என்ற மூன்றும் தெரியாமல் ரிக்கை எண்ணுவது எதையும் சொல்லாது என்கிறேன்.

அடுத்தது பெர்மிட். அவருடைய கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது, ஓட்டையும் இங்கேதான். தோண்டாத கிணற்றின் பெர்மிட் வங்கியில் போட்ட வைப்புத்தொகை மாதிரி என்கிறார். வைப்புத்தொகைக்கு வட்டி உண்டு. பெர்மிட்டுக்குக் காலாவதி தேதி உண்டு. டெக்சஸில் துரப்பண பெர்மிட் இரண்டு ஆண்டுக்கு உயிரோடிருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் குறித்த காலத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் செத்துப்போகும். செத்த பெர்மிட்டுக்கு மறுபடி விண்ணப்பித்து வாங்கினால் அது புதிய எண்ணோடு புதிய பெர்மிட்டாகப் பட்டியலில் ஏறும். பழையதைக் கழிக்கத் தெரியாதவன் ஒரே துளையை இரண்டாக எண்ணுவான். ஒரு தளத்தில் நாலு கிணறுதான் தோண்டப்போகிறோம் என்று தெரிந்தும் எட்டுக்கு வாங்கி வைப்பது இந்தத் தொழிலின் அன்றாட நடைமுறை, ஏனென்றால் பெர்மிட்டுக்கு ஆகும் செலவு கிணற்றுக்கு ஆகும் செலவில் தூசு. விலை சாதகமானால் தோண்டலாம், இல்லையென்றால் காலாவதியாக விடலாம். தோண்டும் உரிமை என்பது தோண்டாமல் இருக்கும் உரிமையும்தான்.

அமெரிக்காவில் 2022 மார்ச்சில் எரிபொருள் விலை ஏறியபோது, கூட்டரசு நிலங்களில் 9,000 பெர்மிட்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கின்றன, ஏன் தோண்டவில்லை என்று வெள்ளை மாளிகை நிறுவனங்களைக் கேட்டது. பெர்மிட் இருந்தால் போதுமா, குழாய் வேண்டாமா, ஆள் வேண்டாமா, இரும்பு வேண்டாமா, வழக்குகள் முடிய வேண்டாமா என்று நிறுவனங்கள் திருப்பிக் கேட்டன. உலகின் மிகப்பெரிய எண்ணெய் முதலாளிகளே, பெர்மிட் என்பது எண்ணெய் அன்று என்று ஊரறியச் சொல்லிவிட்டார்கள். அவர்களைவிடத் தனக்குத்தான் அவர்கள் தொழில் தெரியும் என்று நம் கட்டுரையாளர் நினைத்தால், அந்தத் தன்னம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் கட்டுரையில் இல்லை. மேற்குக் கனடாவில் குழாய்க்கு மிஞ்சிய வாயு வந்து சேர்ந்த நாட்களில் அங்கே வாயு விலை பூஜ்ஜியத்தை ஒட்டியும், சில வேளை அதற்குக் கீழும் போயிருக்கிறது. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று பணம் கொடுத்துத் தள்ளிவிடும் நிலையில் இருந்த ஒரு பண்டத்தை, அதுவும் இன்னும் பூமிக்கு மேலே வராத பண்டத்தை, தங்கக் கட்டி என்று எழுத எப்படிக் கை வந்தது?

நிலத்தடியில் இருப்பதெல்லாம் சொத்து என்றால் நாங்கள் பணக்காரர்கள். செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் இருக்கும் பத்து ஆராங்கில் 1915இலிருந்து நிலக்கரி எடுத்தார்கள்; மலாயா ரயிலும் மின்நிலையமும் அதில் ஓடின; 1937இல் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் வெள்ளை அரசை நடுங்கவைத்தது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. நிலக்கரி தீர்ந்ததாலா? இல்லை, இன்றும் அடியில் கிடக்கிறது. ரயில் எண்ணெய்க்கு மாறியது, எண்ணெய் மலிவாக வந்தது, கரியை வாங்க ஆளில்லை. மிஞ்சியது உள்வாங்கும் தரையும், அந்தத் தரைமேல் நிம்மதியாக வீடு கட்ட முடியாத ஊரும். வாங்குபவன் போனால் கனிமம் மண்தான் என்பதை அறிய அவர் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை, ரவாங் சாலையில் அரைமணி நேரம் வண்டி ஓட்டினால் போதும்.

இனி அவர் ஒரு வாக்கியத்தில் எட்டி உதைத்துவிட்டுப் போன மனிதர்களைப் பற்றி. கனடாவில் ஒரு சிறு பழங்குடிக் கூட்டம் வழக்குப் போட்டு நம் பெர்மிட்டுகளை முடக்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது: புளூபெர்ரி ரிவர் முதற்குடி. எட்டாம் உடன்படிக்கை என்று அழைக்கப்படும் 1899ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அவர்களுடைய முன்னோர் 1900இல் சேர்ந்தார்கள். வேட்டையும் மீன்பிடிப்பும் பொறிவைப்பும் முன்போலவே தொடரலாம் என்பது அதன் உயிர். 1945இல் அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலத்தைக் கனடா அரசு திரும்ப வாங்கியது, பிறகு போர்வீரர்களைக் குடியமர்த்தும் திட்டத்துக்கு 70,000 டாலருக்கு விற்றது. விற்கும்போது நிலத்தடிக் கனிம உரிமையைத் தனியே நிறுத்தி வைக்க அதிகாரிகள் தவறிவிட்டார்கள். 1976இல் அந்த நிலத்தில் எண்ணெயும் வாயுவும் கிடைத்தன. லாபம் யாருக்கோ போனது. வழக்கு 1995இல் கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் தீர்ந்தது. 1998இல் 14 கோடியே 70 லட்சம் டாலர் இழப்பீடு வந்தது. காகிதத்தில் விட்டுப்போன ஒரு வரிக்கு இரண்டு தலைமுறை போராடியவர்களைப் பார்த்துத்தான் காகிதத்தின் மதிப்பு தெரியாத கூட்டம் என்கிறார்.

2021 ஜூன் 29 அன்று பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி எமிலி பர்க் அளித்த தீர்ப்பை அவர் படிக்கவில்லை என்பது வெளிப்படை. தனித்தனியே பார்த்தால் சட்டப்படி சரியான ஆயிரக்கணக்கான அனுமதிகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி, உடன்படிக்கை உரிமையையே பொருளற்றதாக்கிவிட்டன என்பது அதன் சாரம். அவர்களுடைய நிலப்பரப்பில் 85 விழுக்காடு ஏதோ ஒரு தொழில் தடத்திலிருந்து 250 மீட்டருக்குள் வந்துவிட்டது என்ற சான்று அந்த நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. பெர்மிட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்காதே, குவியலாகப் பார் என்று நீதிமன்றம் சொன்னது. நம் கட்டுரையாளரும் குவியலைத்தான் பார்க்கிறார், ஆனால் அதில் அழிந்த காடு அவர் கண்ணில் படவில்லை.

அந்தத் தீர்ப்புக்குப் பின் நடந்தது அவருடைய வைப்புத்தொகைக் கோட்பாட்டை வேரோடு பிடுங்கிவிடுகிறது. தீர்ப்புக்கு முன்பே அனுமதி பெற்று, வேலை தொடங்காமல் இருந்த காடு வெட்டுதல், எண்ணெய், வாயு திட்டங்கள் பற்றி 2021 அக்டோபரில் மாகாண அரசும் புளூபெர்ரி மக்களும் பேசித் தீர்த்தார்கள்: 195 திட்டங்கள் நடக்கலாம், பண்பாட்டு முக்கியத்துவம் உள்ள நிலத்தில் இருக்கும் 20 திட்டங்கள் அவர்கள் சம்மதிக்கும் வரை நிற்க வேண்டும். 2023 ஜனவரியில் வந்த முழு உடன்பாடு அந்தப் பரப்பில் எண்ணெய், வாயுத் தொழில் புதிதாகக் குலைக்கக்கூடிய நிலத்தை ஆண்டுக்கு 750 ஹெக்டேர் என்று கட்டியது. கையில் முத்திரை குத்திய பெர்மிட் இருந்தும் தோண்டலாமா கூடாதா என்பதை அந்த மண்ணின் மக்களோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது என்றால், பெர்மிட்டை எண்ணி எதிர்காலத்தை எழுதுகிறவரின் நிலை என்ன? வடிவேலு கையில் ரசீதை வைத்துக்கொண்டு கிணற்றைக் காணோம் என்று காவல் நிலையத்தில் நிற்கும் காட்சிதான். ரசீது சரியாகவே இருக்கும்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப்போவதில்லை. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களிடம் வந்து காகிதம் எங்கே என்று கேட்டார்கள். கையில் காகிதம் இருந்தவன் நிலத்தை விற்றான், காகிதம் இல்லாதவன் சட்டிபானையோடு சாலையோரத்தில் நின்றான். அந்த வரலாற்றின் பிள்ளையான ஒரு மலேசியத் தமிழர், வேறொரு கண்டத்தில் காகிதத்தால் விரட்டப்பட்டவர்களை இடைஞ்சல் என்று எழுதுவதற்கு முன் அரை நிமிடம் நிதானிக்க வேண்டாமா? 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பால்மரத் தொழிலாளியிடம் கேட்டது மாதம் பத்து வெள்ளி. அதைக்கொண்டு வாங்கியது கண்ணால் பார்க்கக்கூடிய, காலால் மிதிக்கக்கூடிய தோட்டம். இவர் கேட்பது முழுச் சேமநிதி. காட்டுவது பிறத்தியார் நிலத்தில் இன்னும் போடாத துளை.

தமிழ்நாட்டையும் சாட்சிக்கு இழுக்கிறார். மன்னார்குடியில் மீத்தேன் எடுக்க விடாமல் போராட்டக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள், அனுமதி வீணாகிவிட்டது, தேசத்துக்கு நட்டம் என்கிறார். கவனியுங்கள்: கனடாவில் தோண்டாத பெர்மிட் செல்வம், மன்னார்குடியில் தோண்டாத பெர்மிட் நட்டம். ஒரே பண்டத்துக்கு இரண்டு விலைச்சீட்டு ஒட்டும் வியாபாரியை நம் சந்தையில் என்ன சொல்வோம்? கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு 2010இல் கொடுக்கப்பட்ட மன்னார்குடி வட்டாரம் 691 சதுர கிலோமீட்டர், காவிரிக் கடைமடை, நெல் விளையும் பூமி. நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் வர வேண்டுமானால் முதலில் அந்தப் படுகையின் தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். குறுவைக்கு மேட்டூர் திறக்குமா என்று வானத்தைப் பார்க்கும் விவசாயியின் நிலத்தடி நீரை எடுத்துக் கொட்டிவிட்டு அவனை வளர்ச்சிக்கு எதிரி என்பதில் என்ன நியாயம்? இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் விட்டது அந்தப் போராட்டக் களத்தில்தான். நெடுவாசல், கதிராமங்கலம் என்ற ஊர்களும் 2017இல் போராட எழுந்தன. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்துக்குத் தடை போட்டது. அந்தச் சட்டத்தில் குறைகள் உண்டு, ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அது தொடவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல ஒரு ஊருக்கு உரிமை உண்டு என்பதை ஒரு சட்டமன்றம் ஒப்புக்கொண்டதே, அதைக் கெடுதல் என்று சொல்பவர் எந்த ஊர்ச் சோற்றைத் தின்று வளர்ந்தார்?

பெர்மிட்டின்மேல் அவருக்கு உள்ள இத்தனை பக்தி ஓரிடத்தில் மட்டும் காணாமல் போகிறது. பெட்ரோனாஸின் கனடா கிளையான புரோகிரஸ் எனர்ஜி, பாறையை விரிசலாக்கத் தேவையான தண்ணீரைத் தேக்க, வடகிழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு பெரிய அணைகளை உரிய சுற்றுச்சூழல் மதிப்பீடு இல்லாமல் கட்டியது 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. கட்டி முடித்த பிறகு விலக்குக் கேட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நீரை வடிக்குமாறு மாகாணம் உத்தரவிட்டது. தோண்டாத கிணற்றுக்குக் கையில் அனுமதி, கட்டிய அணைக்கு அனுமதியே இல்லை! 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் செயின்ட் ஜான் நகருக்கு வடமேற்கே 4.6 அளவில் நிலம் அதிர்ந்தது; அந்நிறுவனத்தின் விரிசலாக்கும் பணியே அதற்குக் காரணம் என்று ஒழுங்குமுறை ஆணையம் முடிவுசெய்தது. பெர்மிட்டுகளைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதுகிறவர் இந்த இரண்டையும் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நம் தேசிய நிறுவனம் அயல்நாட்டில் நடந்துகொண்ட விதத்தைப் பேசுவது நாட்டுப்பற்றுக்கு விரோதம் என்று முன்கூட்டியே வேலி போட்டுவிடுகிறார். 1974ஆம் ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டப்படி பெட்ரோனாஸ் பிரதமரின் கட்டுப்பாட்டுக்கும் வழிகாட்டலுக்கும் உட்பட்டது. பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்பவர். நாடாளுமன்றம் நம் ஓட்டால் வந்தது. கேள்வி கேட்பது உரிமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சங்கிலி வேறெதற்கு இருக்கிறது?

பெட்ரோனாஸ் கனடாவுக்குப் போனதே மடத்தனம் என்று நான் சொல்லவில்லை. 2012இல் கடனையும் சேர்த்து ஏறத்தாழ 600 கோடி கனடா டாலருக்குப் புரோகிரஸ் எனர்ஜியை அதன் மோண்ட்னி நிலங்களோடு வாங்கியது. அங்கிருந்து வாயுவைக் கப்பலேற்றத் திட்டமிட்ட பசிபிக் நார்த்வெஸ்ட் முனையத்துக்கு 2016 செப்டம்பரில் 190 நிபந்தனைகளோடு கனடா அரசின் அனுமதி கிடைத்தது. 2017 ஜூலையில் பெட்ரோனாஸே அதைக் கைவிட்டது. அனுமதி கையில் இருந்தும் கட்டப்படாத அந்த முனையம் ஒன்று போதும், கட்டுரையாளரின் கோட்பாட்டைக் குப்பையில் போட! பிறகு கிட்டிமாட்டில் எல்என்ஜி கனடா திட்டத்தில் 25 விழுக்காட்டுப் பங்கோடு சேர்ந்தது; 2025 ஜூன் முடிவில் அங்கிருந்து முதல் கப்பல் கிளம்பியது. வாங்கியதிலிருந்து பதின்மூன்று ஆண்டு. அர்ஜென்டினாவின் வாக்கா முயெர்த்தா களிப்பாறையில் 2014இல் நுழைந்த பெட்ரோனாஸ், 2025இல் தன் பங்கை விஸ்தாவுக்கு விற்று வெளியேறியது. அங்கும் பெர்மிட்டுக்கும் பாறைக்கும் பஞ்சமில்லை. மலேசிய அரசுக்குப் பெட்ரோனாஸ் கொடுத்த ஈவுத்தொகை 2022இல் 5,000 கோடி ரிங்கிட், 2023இல் 4,000 கோடி, 2024இல் 3,200 கோடி. 2025இல் பத்தில் ஒரு பங்கு ஊழியர்களைக் குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது. மூன்று தலைமுறைக்கு வற்றாத ஊற்றின்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லையா?

கேட்க விடாமல் அவசரமாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறார், ஏனென்றால் கட்டுரை எழுதப்பட்டதே அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான். சேமநிதியில் எடுக்க முடிந்ததை எடுத்து பெட்ரோனாஸ் பங்குகளில் போடுங்கள், வழிகாட்ட நான் இருக்கிறேன், என் வகுப்புக்கு வாருங்கள் என்கிறது அந்தப் பக்கம். மோண்ட்னி நிலங்களை வைத்திருக்கும் தாய் நிறுவனம் பங்குச் சந்தையிலேயே இல்லை. மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் நீங்கள் வாங்கக் கூடியவை அதன் துணை நிறுவனங்கள்: பெட்ரோனாஸ் காஸ் இங்கே குழாயும் முனையமும் நடத்துகிறது, பெட்ரோனாஸ் டாகாங்கான் பெட்ரோல் நிலையம் நடத்துகிறது, பெட்ரோனாஸ் கெமிக்கல்ஸ் வேதிப்பொருள் செய்கிறது. இவற்றில் எதற்கும் மோண்ட்னியில் ஒரு ரிக் இல்லை, ஒரு பெர்மிட்டும் இல்லை. அவர் கனடாவில் எண்ணியவை அத்தனையும் அவர் விற்கும் பங்கோடு தொடர்பில்லாதவை. இத்தனை பக்கமும் ரிக்கையும் பெர்மிட்டையும் பேசியது, இந்தத் தொடர்பின்மையை யாரும் கவனிக்காமல் இருப்பதற்காகத்தான் என்று நான் பகிரங்கமாகவே குற்றஞ்சாட்டுகிறேன். ஊழியர் சேமநிதி 2024க்குக் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. அதை விட்டுவிட்டு வரச்சொல்பவர் அதைவிடக் கூடுதலாக எங்கிருந்து வரும் என்று ஒரு எண்ணையாவது காட்டியிருக்க வேண்டும்.

பதில் எழுதுவேன் என்று அவர் சொல்லியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். எழுதட்டும். ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கிணறுகளின் பதிவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்தே வைத்திருக்கிறது, காசு கேட்பதில்லை. பெர்மிட் எண், வழங்கிய தேதி, காலாவதியாகும் தேதி, யார் பெயரில் இருக்கிறது, புளூபெர்ரி நிலப்பரப்புக்குள்ளா வெளியிலா, தோண்டத் தொடங்கியது எப்போது, விரிசலாக்கி முடித்தது எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிக் கொண்டுவரட்டும். அதுவரை கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் செலாயாங்கிலும் இருக்கும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: சேமநிதியை எடுக்கும் அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.